பிழைக்கு ஒரு மெழுகுதிரி

ஏணியில் நிற்கிறேன். இடக்கையில் சுண்ணாம்பு வாளி, வலக்கையில் தூரிகை. என் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் ஊதா நிறச் சீலை ஒன்று தொங்குகிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கீழே நின்று, கோயில் பொறுப்பைப் பார்க்கிற சூசை மூப்பர் சத்தம் போடுகிறார்.

"டேய் தம்பி, சுவருக்கு அடி. சீலையில ஒரு துளி பட்டுதோ, உன்னை ஏணியோட சேத்துக் கடலுக்க எறிவன்."

"பட்டா என்ன செய்யிறதுங்க?" என்று கேட்டேன். மலைநாட்டுப் பேச்சு அப்போது என் வாயை விட்டுப் போகவில்லை.

"பட்டா என்ன செய்யிறதுங்களா? கோயிலைச் சுத்தி முழங்காலில வரவேணுமுங்க," என்று மூப்பர் என்னைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினார். பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அதில் உரத்த சிரிப்பு திரேசம்மா அக்காவுடையது. இந்தக் கிழமைப் பத்தியில் அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவரைப் பற்றியும், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முந்திச் செத்துப்போன ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றியும்.

போன கிழமை கிணற்றுக்குள் இறங்கிய கதையை வாசித்த ஒருவர், கிணற்றுக்குள் இருந்து ஏறிவந்தீர்களா இல்லையா என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஏறிவந்தேன். வந்து இந்த ஏணியில் ஏறினேன்.

ஒரு துளி

தண்ணீரூற்று என்கிற ஊரில் இருந்து கடல் பக்கம் போகிற மணல் ரோட்டில் கடைசி வளவையும் தாண்டினால் அந்தச் சின்ன வேதக்கோயில். சுற்றிவர மீன்பிடிக்கிற சனம். எல்லாரும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். நான் மலைத்தோட்டத்தில் இருந்து ஒரு கெட்ட காலத்தில் லொறி ஏறி, மனைவியோடும் இரண்டு மூட்டையோடும் வன்னிக்கு வந்து இறங்கியவன். நெற்றியில் விபூதி. கையில் தொழில் இல்லை. படிப்பும் இல்லை. இன்றைக்கும் எனக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

சுண்ணாம்பு அடிக்கப் பழகியது இங்கேதான். கடற்கரையில் சிப்பியைச் சுட்டு நீற்றுகிற சுண்ணாம்புக்கு ஒரு மணம் உண்டு. மழை விழுந்த மண்ணும் பழைய எலும்பும் சேர்ந்த மாதிரி. அரைப் பீப்பாயில் இரண்டு நாள் ஊறவைத்து, சாக்கில் வடித்து, ஒரு பிடி உப்பும் கொஞ்சம் நீலமும் போட வேண்டும். தாழம் வேரின் நுனியை இடித்து நார் நாராக்கினால் அதுதான் தூரிகை. அந்த ஏணி பாலை மரத்தில் செய்தது. அதைச் செய்த தச்சன் ஒரு காலைக் கொஞ்சம் கட்டையாக விட்டுவிட்டான், அதனால் அதற்குக் கீழே எப்போதும் ஒரு ஓட்டுத்துண்டு வைக்க வேண்டும், அந்த ஓட்டுத்துண்டு...

"மாமா, ஏணி போதும். துளி விழுந்ததைச் சொல்லுங்கோ," என்கிறாள் மருமகள்.

சரி. துளி விழுந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரண்டு கிழமையும் வேதக்கோயிலில் படங்களையும் சுரூபங்களையும் ஊதாச் சீலையால் மூடிவிடுவார்கள். அந்த நாட்களில்தான் சுவருக்கு வெள்ளை அடிப்பதும். மூப்பர் தண்ணீர் குடிக்கப் போன நேரம், சீலையின் கீழ்க் கரையில் ஒரு துளி விழுந்துவிட்டது. சுண்ணாம்பு சாயச் சீலையைத் தின்னும். நான் தோள்துண்டை நனைத்துக்கொண்டு, துடைப்பதற்காகச் சீலையின் ஓரத்தைத் தூக்கினேன்.

அப்போதுதான் அவளைக் கண்டேன்.

படத்தின் கீழ் மூலையில் முழங்காலில் இருக்கிற ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். அகன்ற நெற்றி, ஒட்டிய கன்னம். கையில் ஒரு சிட்டி விளக்கு. வெயிலில் சுருங்கிய கண். அந்தக் கண் மேலே இருந்த மாதாவைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, நேராக, ஏணியில் நின்ற என்னைப் பார்த்தது. வலக்காதில் சின்னத் தோடு ஒன்று. இடக்காதில் தோடு இல்லை. துளை மட்டும் இருந்தது.

இவ்வளவும் பார்க்க ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்தான் ஆகியிருக்கும். துளியைத் துடைத்தேன். சீலையை விட்டேன். மூப்பர் வந்தார்.

படம் சொல்லுகிற பின்னேரம்

அந்தக் கோயிலில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாளான பெரிய சனிக்கிழமை பின்னேரம், சீலையை எடுப்பதற்கு முன்னால், ஊரில் ஒருவர் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நின்றபடி, படத்தில் என்னென்ன இருக்கிறது என்று மேலிருந்து கீழே ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் படம் சொல்லுறது.

சொல்லி முடிந்தவுடன் சீலையை இழுப்பார்கள். சனம் முழுக்க நிமிர்ந்து சரிபார்க்கும். இருந்ததைச் சொல்லாமல் விட்டாலும் பிழை. இல்லாததைச் சொன்னாலும் பிழை. பிழை ஒன்றுக்கு ஒரு மெழுகுதிரி, சொன்னவர் தன் கையால் படத்துக்குக் கீழே ஏற்ற வேண்டும். மூப்பர் ஒருமுறை சொன்னபோது ஏற்றிய மெழுகுதிரியின் வெளிச்சத்தில் கடலில் நின்ற வள்ளம் கரைக்கு வந்துவிட்டது என்று பகிடி சொல்வார்கள்.

அந்த வருடம் திரேசம்மா அக்காவின் முறை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வேலை முடிந்து ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று நானும் கேட்டேன்.

"மேல மூண்டு முகில். நடுவில மாதா. மாதாவின்ர கையில பாலன், அவற்ர ஒரு உள்ளங்கால் தெரியுது. பின்னால ஒரு வள்ளம். வள்ளத்தில அஞ்சு பேர், ஒராள் முதுகு காட்டி நிக்கிறார். துடுப்பு நாலு. கரையில காயப்போட்ட வலை. கீழ மூலையில ஒரு மனிசி முழங்காலில. கையில விளக்கு. ரெண்டு காதிலயும் தோடு."

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துவிட்டது.

"ஒரு காதுல தோடு இல்லீங்க."

கோயில் முழுக்கத் திரும்பியது. மூப்பருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நேற்று மலையால இறங்கினவருக்கு எங்கட மாதாவின்ர படம் தெரியுமாம்!"

சீலையை இழுத்தார்கள். கீழே இருந்து பார்த்தால் அந்த மூலை இருட்டு. மூப்பர் என் ஏணியைப் பிடுங்கிச் சுவரில் சாத்தி, மூக்குக்கண்ணாடியோடு ஏறினார். நெடுநேரம் பார்த்தார்.

"இல்லை," என்றார்.

"என்ன இல்லை?" என்று கீழே இருந்து அக்கா கேட்டார்.

"தோடு இல்லை."

பாட்டன் பூட்டன் காலமாகச் சொல்லி வந்த படம். ஒரு தோடு இல்லாததை ஒருவரும் கண்டதில்லை. ஒரு தோடு இருந்தால் மற்றதும் இருக்கும் என்று கண் தானாகவே போட்டுக்கொண்டுவிட்டது. அக்கா ஒரு மெழுகுதிரியை எடுத்து ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

துளி விழுந்ததைச் சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வரவில்லை.

"அப்ப முழங்காலில வரட்டும்," என்றார் மூப்பர், ஏணியில் நின்றபடியே.

"விடுங்கோ மூப்பர். நாங்கள் ரெண்டு கண்ணையும் வைச்சுக்கொண்டு பாக்கேல்லை. உவன் ஒருக்காப் பாத்தான், கண்டிட்டான். படச்சாமி இருந்தா உவனைத்தான் பக்கத்தில இருத்தியிருப்பார்."

அன்றில் இருந்து ஒவ்வொரு வருடமும் படம் சொல்லுகிறவர் முழங்காலில் இருக்கிற பெண்ணிடம் வந்ததும் நிறுத்துவார். எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். விபூதியோடு வாசலில் நிற்கிற நான் சொல்வேன்: "ஒரு காதில தோடு இல்லை." அந்த வசனம் என்னுடையது. பிறந்த தோட்டத்தில் எனக்கென்று உட்கார ஒரு கதிரை இருந்ததில்லை. இந்த ஊரில் எனக்கென்று ஒரு வசனம் இருந்தது.

சாக்குத்தான் வாத்தியார்

படச்சாமி யார் என்று பிறகு மூப்பர்தான் சொன்னார். கோபம் ஆறினால் நல்லாகக் கதைப்பார்.

பிரெஞ்சு நாட்டுச் சாமியார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கப்பலில் வந்தவர். தாடி வெயிலில் வெந்து செம்பட்டையாய்ப் போயிருக்குமாம். தலையில் பனையோலைத் தொப்பி, வாயில் புகையிலைச் சுங்கான். தமிழ் சரியாக வராது, அதனால் பிரசங்கம் சின்னன், அதனாலேயே சனத்துக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் தன் நாட்டில் படம் கீறுகிறவர், ஓவியர். படம் கீறப் படிப்பித்தவரும்கூட. இங்கே வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. வள்ளம் கரைக்கு வந்தபின் களைத்துப்போய் இருக்கிற ஆண்களையும், கிழிந்த வலையைப் பொத்துகிற பெண்களையும் மணலில் இருத்துவார். நடுவில் ஏதாவது ஒரு பொருளை வைப்பார். ஒரு பாரை மீன், ஒரு நங்கூரம், ஒரு உடைந்த குடம். சுங்கான் அணையும்வரை எல்லாரும் அதைப் பார்க்க வேண்டும். அணைந்தவுடன் ஒரு சாக்கை எடுத்து மூடிவிடுவார்.

"இப்ப கீறுங்கோ."

ஈர மணலில் தடியால் கீறுவார்களாம். அவர் வந்து பார்ப்பார். நல்லது என்றும் சொல்லமாட்டார், கெட்டது என்றும் சொல்லமாட்டார். சாக்கைத் தூக்குவார். அவ்வளவுதான். கீறியவனுக்கே தெரியும் எது விட்டது, எது கூடியது என்று. சாக்குத்தான் வாத்தியார், நான் இல்லை என்பாராம். பிறகு அலை வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும்.

கோயில் படத்தையும் அப்படித்தான் கீறினார். ஊர்ச் சனத்தையே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே ஒரு தரம் இருத்திப் பார்ப்பார். பிறகு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, மனதில் இருந்து கீறுவார். கண்டதைத்தான் கீறலாம், காணாததைக் கீறக்கூடாது என்பது அவருடைய ஒரே சட்டம்.

படம் முடிந்த அடுத்த மாரியில் காய்ச்சல் வந்து செத்துப்போனார். கோயிலுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் தாட்டார்கள். சனத்துக்கு அந்தச் சாக்கு விளையாட்டை விட மனமில்லை. சாக்குக்குப் பதில் ஊதாச் சீலை. மணலுக்குப் பதில் வாய்ப்பேச்சு. வழக்கம் வந்தது அப்படித்தான்.

அவரிடம் படித்த ஒருவரும் படம் கீறுகிறவராக வரவில்லை. ஆனால் அந்தக் கரைக்காரரை நான் பார்த்திருக்கிறேன். மூடுபனியில் ஒரு பனைமரத்தின் தலையைக் கண்டால் போதும், மிச்சக் கரை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள்.

வெறும் சுவர்

பிறகு அந்தக் காலம் வந்தது. அதைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதை எழுதத் தெரியாது.

திரும்பி வந்தபோது கோயிலுக்குக் கூரை இல்லை. பீடத்துச் சுவர் பாதி நின்றது. படம் இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை. படச்சட்டத்தின் ஒரு துண்டுகூட மணலில் கிடைக்கவில்லை. சூசை மூப்பர் வவுனியாவில் முகாமில் கண்ணை மூடிவிட்டார். என் மனைவியும் அங்கேதான்.

திரேசம்மா அக்கா தனியாகத் திரும்பி வந்தார். அவருக்கு ஒரே மகள், றெஜினா. இருபத்திரண்டு வயது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வேலை. நாடியில் ஒரு மச்சம். சனம் நெருக்கிக்கொண்டு நடந்த, சண்டையின் கடைசி நாட்களில், ஒரு நீர்க்கரையில், தாயின் கையில் இருந்து அவள் கை விட்டுப்போனது. பிறகு கண்டவர் இல்லை. செத்தாள் என்று சொன்னவரும் இல்லை.

காணாமல்போன பிள்ளைகளைத் தேடி ரோட்டோரத்தில் கொட்டில் போட்டுத் தாய்மார் இருப்பார்களே, அக்காவும் போய் இருந்தார். மற்றவர்கள் மடியில் பிள்ளையின் படம் இருக்கும். அக்காவின் மடியில் ஒன்றும் இருக்காது. இருந்த படமெல்லாம் ஒரு பையோடு பதுங்குகுழியில் விடுபட்டுப் போனது. றெஜினாவுக்கு உலகத்தில் ஒரு படம்கூட இல்லை.

வருடத்தில் ஒருநாள் சனம் செத்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றும். அக்கா ஏற்றமாட்டார். ஒருமுறை யாரோ ஒரு பெண் மெழுகுதிரியைக் கையில் திணித்தார். அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏத்தினா, முடிஞ்சுது எண்டு நானே சொன்ன மாதிரி. நான் இன்னும் முடிக்கேல்லை."

அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாளில் எல்லார் வளவிலும் வெளிச்சம் இருக்க, அக்கா தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஏற்றாமல் இருப்பதும் அவருக்கு இலேசாக இருக்கவில்லை.

கடிதம்

கோயிலுக்குத் தகரக் கூரை போட்ட வருடம், பிரெஞ்சு நாட்டில் இருந்து ஒரு பெண் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். படச்சாமியின் தமக்கை வழியில் வந்தவராம். யாழ்ப்பாணத்தில் இருந்து வேலையில் இருந்து இளைப்பாறிய ஒரு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார், பேச்சை மாற்றிச் சொல்ல.

அவர் சொல்லித்தான் சாமியின் முன்பாதி எங்களுக்கு விவரமாகத் தெரிந்தது. தன் ஊரில் ஒரு சித்திரப் பள்ளிக்கூடம் நடத்தினாராம். படிக்க வந்தவர்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்க விட்டு, திரும்பி வந்து ஒரு அறைக்குள் இருத்திக் கீறச் சொல்லுவார். பெரிய வித்துவான்கள் சிரித்தார்களாம். முன்னால் ஆளை வைத்துக் கீறாமல் இதென்ன கண்கட்டு வித்தை என்று. பள்ளிக்கூடம் படுத்துவிட்டது. அவரிடம் படித்த ஒருவர் பேர் எடுத்தார், ஆனால் யாரிடம் படித்தேன் என்று வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் துறவு, கப்பல், நம்முடைய கரை. அங்கே அவர் கீறியதில் மூன்று சின்னப் படங்கள்தான் மிச்சமாம்.

"இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அக்கா எழும்பி, ஆணித்துளை இருந்த சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மேல மூண்டு முகில்," என்று தொடங்கினார்.

வாத்தியார் மாற்றிச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழங்காலில் இருக்கிற பெண்ணிடம் வந்து அக்கா நிறுத்தினார். நான் சொன்னேன்: "ஒரு காதில தோடு இல்லை."

வாத்தியார் அதை மாற்றிச் சொன்னதும் அந்தப் பெண் எழுந்துவிட்டார். பையைத் திறந்து ஒரு கடிதத்தின் பிரதியை எடுத்தார். சாமி தன் தமக்கைக்கு எழுதியதாம். வாத்தியார் மெல்ல மெல்லச் சொன்னார்.

முழங்காலில் இருக்கிறவள் வலை பொத்துகிறவள். அந்த மாரியில் அவளுடைய குழந்தை செத்துப்போனது. அதைத் தாட்டபோது தன் ஒரு தோட்டைக் கழற்றிக் குழந்தையின் கைக்குள் வைத்துவிட்டாள். சாமி அவளை இருத்திப் பார்த்த அன்றைக்கு அவள் ஒன்று கேட்டாள். படத்திலாவது எனக்கு இரண்டு தோடும் போட்டுவிடுங்கோ சாமி என்று. சாமி மறுத்துவிட்டார். கண்டதைத்தான் கீறுவேன் என்றார். அவள் வாதாடவில்லை. ஆனால் படம் மாட்டிய பிறகு கோயிலுக்குள் ஒருநாளும் தலை நிமிர்த்தவில்லை.

வாழ்நாள் முழுக்கக் கண் பொய் சொல்லக்கூடாது என்று படிப்பித்தேன், அது சரிதான், ஆனால் அந்தப் பெண் விஷயத்தில் அது சரியில்லை, இப்போது தூரிகையோடு மறுபடி ஏணியில் ஏறத் தைரியமும் வரவில்லை. இப்படி எழுதியிருந்தாராம். அதற்கடுத்த கடிதம் வேறொரு சாமியார் எழுதியது, படச்சாமி செத்ததைச் சொல்லி.

"பிள்ளையின்ர கையுக்க வைச்சவளாமோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓம் அம்மா," என்றார் வாத்தியார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா அதையே திரும்பவும் கேட்டார். வாத்தியாரும் திரும்பவும் ஓம் என்றார்.

முதுகு காட்டுகிற ஆளின் மீசை

வெளிநாட்டில் இருக்கிற சனம் பளபளவென்று அச்சடித்த மாதா படம் ஒன்று அனுப்பியது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பழைய படத்தையே திரும்பக் கீறுவிப்போம் என்று முடிவானது.

நெளுக்குளத்தில் இருந்து சீலன் வந்தார். லொறிக்கும் கடைப் பலகைக்கும் எழுதுகிறவர். நாற்பது வயது, வாய் ஓயாது.

"அம்மா, நான் லொறிக்குப் பின்னால அன்னம் கீறுறவன். மாதா கழுத்து நீண்டு போச்சுதெண்டா என்னைப் பேசக்கூடாது. சரி, பழைய படத்தின்ர போட்டோவைத் தாங்கோ."

"போட்டோ இல்லை," என்றார் அக்கா. "நாங்கள் சொல்லுவம். நீர் கீறும்."

மூன்று நாள் அந்த வேலை நடந்தது. பெரிய பலகையில் சீலன் கரியால் கீறுவார், நாங்கள் சுற்றியிருந்து சொல்லுவோம். சண்டைக்குக் குறைவில்லை. வள்ளத்தில் முதுகு காட்டி நிற்கிறவருக்கு மீசை இருந்தது என்று ஒருவர் பிடிவாதம்.

"முதுகு காட்டிற ஆளுக்கு மீசை எங்காலடா தெரிஞ்சது?"

"அவர் என்ர பூட்டன். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் மீசை."

"அப்ப பிடரியிலயோ முளைச்சது?"

சீலன் கரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தக் கோயிலுக்குள் எத்தனையோ காலத்துக்குப் பிறகு சனம் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம் கீழ் மூலை மட்டும் மிச்சம்.

"உந்த மூலையை நான் சொல்லுறன்," என்றார் அக்கா. பலகைக்கு முதுகைக் காட்டி இருந்து, கண்ணை மூடினார்.

"நெத்தி சின்னன். இடப்பக்கம் மயிரில ஒரு சுழி, எண்ணெய் வைச்சாலும் படியாது. புருவம் கிட்டக் கிட்ட. கன்னம் கொஞ்சம் உப்பல்."

எனக்குச் சுருக்கென்றது. அகன்ற நெற்றி, ஒட்டிய கன்னம். ஒரு சாண் தூரத்தில் நின்று நான் பார்த்த முகம். அதை என்னைப்போலக் கிட்டப் பார்த்தவர் உயிரோடு ஒருவரும் இல்லை.

"வயசு என்ன போடுறது அம்மா?" என்று கேட்டார் சீலன். வெளியூர்க்காரருக்கு ஒன்றும் தெரியாது.

"இருபத்திரெண்டு. நாடியில ஒரு மச்சம், வலப்பக்கம். பல்லுத் தெரியக்கூடாது. ஆனா இப்ப சிரிக்கப் போறாள் எண்டு தெரியவேணும்."

மச்சம் என்றதும் பின்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்தினார்கள். சீலன் அழித்து அழித்துக் கீறினார். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "இன்னும் கொஞ்சம் கண் பெருசு," என்பார். எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கரிக் கோட்டுக்குள் இருந்து றெஜினா எங்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

"காது?" என்றார் சீலன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வழக்கம். அது என்னுடைய வசனம்.

நான் சொன்னால் அதோடு எல்லாம் வரும். ஒற்றைத் தோடு வந்தால் அந்த வலைக்காரி வருவாள், அவளுடைய நாற்பது வயதும் ஒட்டிய கன்னமும் வரும், இது அவள் இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டி வரும். அக்கா வாதாடமாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இனி அவரும் கோயிலுக்குள் தலை நிமிர்த்தமாட்டார். சொல்லாவிட்டால், படச்சாமி இந்தக் கரையில் விட்டுப்போன ஒரே சட்டத்தை, அதனாலேயே ஊருக்குள் இடம் கிடைத்த நான் உடைக்கிறேன்.

அக்காவின் முதுகைப் பார்த்தேன். சட்டையின் தோள் தையல் விட்டிருந்தது.

"ரெண்டு காதிலயும் தோடு," என்றேன்.

"ரெண்டிலயும்," என்றார் அக்கா, மெல்ல. "சின்னத் தோடு. சிவப்புக் கல்லு."

இதைச் சொல்லும்போது மருமகள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அப்ப பொய்தானே மாமா சொன்னனீங்கள்?"

ஓம் பிள்ளை. எழுது.

மறுபடி பெரிய சனி

புதுப்படத்தை மாட்டி, அடுத்த தவக்காலத்தில் ஊதாச் சீலை போட்டார்கள். இந்த வயதில் வேண்டாம் என்று சனம் சொல்லச் சொல்ல, நான்தான் ஏணியில் ஏறி அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தேன். துளி ஒன்றும் விழவில்லை. ஓரத்தைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை.

பெரிய சனி பின்னேரம். புதிதாக வந்த இளம் சாமியார் ஒருவர் இருந்தார். வழக்கத்தைக் கேள்விப்பட்டிருந்தாரே ஒழியக் கண்டதில்லை. படம் சொல்ல யார் என்று கேட்டார். திரேசம்மா அக்கா எழும்பினார். புதுப்படத்தைச் சொல்லி, அந்த முகத்தையும் தன் வாயாலேயே சரி என்று சொல்லிவிட்டால், பிறகு பழையவள் எங்கேயும் இல்லை. என் பொய் அவளை முழுதாக அழித்துவிட்டதாக ஆகிவிடும்.

அக்கா சீலைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"மேல மூண்டு முகில். நடுவில மாதா. பாலன்ர ஒரு உள்ளங்கால் தெரியுது. வள்ளத்தில அஞ்சு பேர். முதுகு காட்டிறவருக்கு மீசை தெரியாது."

சனம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"கீழ மூலையில ஒரு மனிசி முழங்காலில. கையில விளக்கு. நாப்பது வயசு. அகலமான நெத்தி. கன்னம் ஒட்டிப்போச்சு. மாதாவைப் பாக்கேல்லை, எங்களைப் பாக்கிறாள்."

நிறுத்தினார். வாசலில் நின்ற என்னை நேராகப் பார்த்தார்.

"ராமையா, நீ சொல்லு."

செருமிவிட்டுச் சொன்னேன்.

"ஒரு காதில தோடு இல்லை."

சீலையை இழுத்தார்கள். மூலையில் றெஜினா, இரண்டு காதிலும் சிவப்புக் கல்லோடு, சிரிக்கப்போகிற முகத்தோடு இருந்தாள்.

இளம் சாமியார் படத்தையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் சொன்னதில பிழை இருக்குப் போல..."

"ஓம் சாமி. ரெண்டு பிழை. முகம் என்ர பிழை. தோடு உவன்ர."

பெட்டியில் இருந்து இரண்டு மெழுகுதிரி எடுத்தார். ஒன்றை என் கையில் தந்தார். மற்றதை ஏற்றி, படத்துக்குக் கீழே, மகளுடைய முகத்துக்கு நேரே வைத்தார். உருகிய மெழுகு விரலில் விழுந்தது. துடைக்கவில்லை.

"பிழைக்கு ஏத்திறது, சாமி," என்றார். "வேற ஒண்டுக்கும் இல்லை."

நான் என்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். அது அந்த வலைக்காரிக்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எரிந்து முடியும்வரை அக்கா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அதற்குப் பிறகு வேறொருவரும் முறை கேட்கவில்லை. ஒவ்வொரு பெரிய சனியும் அக்காதான் படம் சொல்லுகிறார். இந்த வருடம் கதிரையில் இருத்தித்தான் சொல்லவைத்தோம். முகிலில் இருந்து வலை வரைக்கும் ஒன்றும் தவறாது. கீழ் மூலைக்கு வந்ததும் அதே இரண்டு பிழை. திருத்த ஒருவரும் எழும்புவதில்லை. மெழுகுதிரிப் பெட்டியை மட்டும் யாராவது அக்காவின் கைக்கெட்டத் தள்ளி வைக்கிறார்கள்.